மயில்சிகை: பூக்காத செடிக்கு வந்த பெயர்கள்

மதுரைக் கீழமாசி வீதியில் ஒரு நாட்டுமருந்துக் கடை. “மயில்சிகை இருக்கா அண்ணாச்சி?” என்று கேட்டேன். எதுக்கு என்றுகூடக் கேட்கவில்லை. டப்பாவைத் திறந்தார், ஐம்பது கிராம் நிறுத்தார், பழைய பேப்பரில் பொட்டலம் கட்டிக் கையில் கொடுத்துவிட்டு அடுத்த ஆளைப் பார்க்கத் திரும்பிவிட்டார். வீட்டுக்கு வந்து பிரித்தால் உள்ளே காய்ந்துபோன செந்நிறப் பூ. வெல்வெட் துணியைக் கசக்கிக் காயவைத்த மாதிரி இருந்தது. விரலால் தேய்த்ததும் கறுப்பாகப் பளபளக்கும் பொடி விதைகள் உதிர்ந்தன. கோழிக்கொண்டை!

நான் கேட்ட செடி பூக்கவே பூக்காது. விதையும் கிடையாது.

அண்ணாச்சி என்னை ஏமாற்றினார் என்று சொல்ல மாட்டேன். மருந்து நூல்களில் வரும் ‘மயூரசிகா’ என்ற வடமொழிப் பெயருக்கு ஊருக்கு ஊர் வேறு வேறு செடியைக் காட்டுகிறார்கள். கோழிக்கொண்டையும் அந்த வரிசையில் ஒன்று. ஒரே பெயரில் இரண்டு செடி இருந்தது, எனக்கு மற்றது வந்து சேர்ந்தது, அவ்வளவுதான். ஆனால் அந்தப் பொட்டலத்தால்தான் இந்தக் கட்டுரை. நான் தேடிய மயில்சிகை ஒரு பெரணி. பெரணி என்றால் என்ன என்று தெரிந்தவர் கையில் அந்தப் பொட்டலம் போயிருந்தால், கடை வாசலிலேயே பிரித்துப் பார்த்துத் திருப்பிக் கொடுத்திருப்பார்.

பள்ளியில் படித்த ‘டெரிடோஃபைட்டு’ என்ற சொல் சிலருக்கு மங்கலாக ஞாபகம் இருக்கலாம். அதை விடுங்கள், கிணறு ஞாபகம் இருக்கிறதா? கல் கட்டிய பழைய கிணற்றை எட்டிப் பார்த்தால், தண்ணீர் மட்டத்துக்கு மேலே இடுக்குகளில் சீப்பு சீப்பாக இலை தொங்கிக்கொண்டிருக்கும். யாரும் நட்டதில்லை. ஒருநாளும் பூத்ததில்லை, காய்த்ததில்லை. அதுதான் பெரணி. இலங்கைத் தமிழர்கள் இதைப் ‘பன்னம்’ என்பார்கள், மலையாளத்தில் ‘பன்னல்’. நம் பக்கம் பூக்கடைக்காரரிடம் கேட்டால் ‘ஃபெர்ன்’ என்பார். உலகத்தில் 10,000-க்கும் மேற்பட்ட வகைகள் இருக்கின்றன. வேர், தண்டு, இலை, உள்ளே தண்ணீர் ஏறும் குழாய் எல்லாம் மற்றச் செடிகளைப்போலத்தான். பூ, காய், விதை மூன்றும் இல்லை. அத்தி பூத்தாற்போல என்கிறோமே, அத்திக்காவது காய்க்குள்ளே ஒளிந்த பூ உண்டு. பெரணியில் தேடினாலும் கிடைக்காது.

சரி, பிறகு எப்படிப் பெருகுகிறது? இலையைப் புரட்டிப் பாருங்கள்.

பக்கத்து வீட்டு அக்கா தொட்டியில் ஒரு பெரணி வளர்த்தார். ஒருநாள் இலையின் அடிப்பக்கம் முழுக்கப் பழுப்புப் புள்ளி. செதில் பூச்சி என்று நினைத்து வேப்பெண்ணெயும் சோப்பும் கரைத்து மூன்று நாள் விடாமல் அடித்தார். புள்ளி போகவில்லை. என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். நடு நரம்புக்கு இரண்டு பக்கமும் ஜோடி ஜோடியாக, ரவிக்கையில் ஊக்கு தைத்த மாதிரி ஒரே இடைவெளியில் இருந்தன. பூச்சி இவ்வளவு ஒழுங்காக உட்காருமா? அந்தப் புள்ளி ஒவ்வொன்றும் ஒரு சோரஸ். அதற்குள் கடுகைவிடப் பல மடங்கு சின்னதாய்ப் பைகள், ஒவ்வொரு பைக்குள்ளும் ஸ்போர் என்ற தூள். பெரும்பாலான பெரணிகளில் ஒரு பைக்கு 64 ஸ்போர் கணக்கு. கைக்கடிகாரம் பழுது பார்ப்பவர்கள் கண்ணில் செருகிக்கொள்வார்களே, அந்த மாதிரி ஒரு லென்ஸ் இருந்தால் பைகள் உருண்டை உருண்டையாகத் தெரியும்.

அந்தப் பை திறக்கும் விதம் இருக்கிறதே, அதை நான் ஒருமுறை மைக்ராஸ்கோப்பில் பார்த்துவிட்டு அரைமணி நேரம் எழுந்திருக்கவில்லை. பையின் முதுகில் தடித்த செல்களால் ஆன ஒரு பட்டை ஓடும். வெயிலில் அந்தச் செல்களில் உள்ள நீர் வற்ற வற்ற, பட்டை வில்லைப்போல் பின்னோக்கி வளையும். பை கிழியும். வளைந்த பட்டை ஸ்போர்களை அள்ளிக்கொண்டு பின்னால் போய் நிற்கும். ஓர் எல்லைக்கு மேல் நீர் இழுபட முடியாமல் உள்ளே குமிழி உடைந்ததும் பட்டை படீரென்று முன்னால் திரும்பும். உண்டிவில்லில் கல் போகிற மாதிரி ஸ்போர் தெறிக்கும். மேஜை விளக்குச் சூடு போதும், கண்ணெதிரே ஒன்றன்பின் ஒன்றாகத் தெறித்துக்கொண்டே இருக்கும். அப்புறம் காற்று பார்த்துக்கொள்ளும். யாரும் நடாத கிணற்றுச் சுவரில் பெரணி வந்தது இப்படித்தான்.

இனிதான் பலரும் குழம்பும் இடம். ஸ்போரை விதை என்று நினைத்துவிடக் கூடாது. வேப்பங்கொட்டை முளைத்தால் வேப்பங்கன்று வரும். பெரணியின் ஸ்போர் முளைத்தால் பெரணி வராது. சுண்டுவிரல் நகத்தைவிடச் சின்னதாய், இதய வடிவத்தில், மண்ணோடு ஒட்டிய ஒரு பச்சைத் தகடு வரும். இதன் பெயர் புரோதாலஸ். பார்த்தால் பாசித் துணுக்கு என்றுதான் நினைப்போம். பெரணியின் ஆண்-பெண் சமாச்சாரமெல்லாம் இந்தத் தகட்டின் அடியில்தான் நடக்கிறது. ஆண் செல்லுக்கு வால்போன்ற இழைகள் உண்டு, அது நீந்திப் போய்ப் பெண் செல்லைச் சேர வேண்டும். நீந்தத் தண்ணீர் வேண்டுமே? ஒரு மழைத்துளி பரவிய ஈரம் இருந்தால் போதும். சேர்ந்தபின் அந்தத் தகட்டிலிருந்து நாம் பார்க்கும் இலைப் பெரணி கிளம்பும். தகடு வேலை முடிந்து காய்ந்துவிடும்.

தாயைப்போலப் பிள்ளை, நூலைப்போலச் சேலை என்ற பழமொழி பெரணியிடம் எடுபடாது. பிள்ளை வேறு ஜாடையில் இருக்கும், பேரப்பிள்ளைதான் பாட்டியை உரித்துவைத்திருக்கும். பாட்டன் பெயரைப் பேரனுக்கு வைக்கும் நமக்கு இதைப் புரிந்துகொள்வதில் சிரமம் இருக்கக் கூடாது. ஐரோப்பாவில் இதைக் கண்டுபிடிக்க 19-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதிவரை ஆயிற்று. தகட்டின் அடியில் இனப்பெருக்கம் நடப்பதை 1848-இல் சுமின்ஸ்கி என்ற போலந்துக்காரர் விவரித்தார். இரண்டு தலைமுறை மாறி மாறி வருகிறது என்ற முழுச் சித்திரத்தை 1851-இல் ஜெர்மனியின் ஹோஃப்மைஸ்டர் கொடுத்தார். கல்லூரியில் கற்ற அறிவு அல்ல இவருடையது. இசைநூல் விற்பனை, பதிப்பு என்று குடும்பத் தொழிலைப் பார்த்துக்கொண்டே, விடியற்காலையில் மைக்ராஸ்கோப்பில் உட்கார்ந்தவர் என்பதை நினைத்தால் எனக்கு ஒரு தனி மரியாதை.

ஆக, பெரணிக்கு ஈரம் இல்லாமல் வம்சம் இல்லை. அதனால்தான் கொடைக்கானல், மேகமலை, குற்றாலம் என்று மழை விழும் இடங்களில் மண்டிக் கிடக்கிறது. மதுரை எப்படிப்பட்ட ஊர்? வருஷத்துக்கு 800 மி.மீட்டருக்குச் சற்று மேல் மழை, அதில் பெரும்பங்கு ஐப்பசி கார்த்திகையில் கொட்டிவிட்டுப் போய்விடும். மிச்ச மாதங்களில் யானைமலை, நாகமலை எல்லாம் அடுப்பில் ஏற்றிய தோசைக்கல். சித்திரை மதியத்தில் அந்தப் பாறையில் கை வைத்தவர்களுக்குத் தெரியும்.

இந்த மாதிரி வறண்ட பாறை நாட்டுக்கென்றே வந்த பெரணிதான் மயில்சிகை.

இதன் உருவத்தைச் சொல்கிறேன். ஒரு சாண் உயரம்கூடப் பெரும்பாலும் வராது. பாறை வெடிப்புக்குள் சின்னத் தண்டு, அதிலிருந்து ஈர்க்குச்சி மாதிரி மெல்லிய காம்புகள். ஒவ்வொரு காம்பின் நுனியிலும் ஒரு குட்டி விசிறி. விசிறி இரண்டாகப் பிரியும், ஒவ்வொன்றும் மறுபடி இரண்டாக, அப்புறம் மறுபடி இரண்டாக. பனை ஓலையை எறும்புக்கு அளவெடுத்து வெட்டிய மாதிரி இருக்கும். இளம் இலை சுருண்டபடியே வெளிவரும், ரயில் பூச்சியைத் தொட்டால் சுருண்டுகொள்ளுமே, அப்படி. இந்தச் சுருள் அநேகமாக எல்லாப் பெரணிக்கும் உள்ள குடும்ப அடையாளம். மயில்சிகையின் சோரஸைத் தேடுபவர்கள் புள்ளியைத் தேடக் கூடாது. விசிறியின் ஒவ்வொரு கீற்றின் ஓரமும் சேலையில் விளிம்பு மடித்து அடித்த மாதிரி உள்பக்கம் மடிந்திருக்கும், ஸ்போர்ப் பைகள் அந்த மடிப்புக்குள் நீளவாக்கில் பதுங்கியிருக்கும்.

வெயில் காலத்தில் இதைப் பார்த்தால் செத்துவிட்டது என்று சத்தியம் செய்வீர்கள். விசிறிகள் உட்பக்கமாய்ச் சுருண்டு, பழுப்பாகி, தொட்டால் நொறுங்குகிற நிலையில் இருக்கும். சாதாரணச் செடியின் இலை இந்த அளவு நீரை இழந்தால் செல்லின் சவ்வுகள் கிழிந்து கதை முடிந்துவிடும். வறட்சி தாங்கும் இத்தகைய செடிகள் காயும்போதே செல்லுக்குள் சர்க்கரைகளைச் சேர்த்து, சவ்வும் புரதமும் சிதையாமல் பிடித்துவைக்கின்றன. மாங்காயை வற்றலாக்கி வைப்பதுபோல என்று சொல்லலாம், ஆனால் நம் வற்றலை ஊறவைத்தால் மறுபடி மரத்தில் தொங்காது. இது பிழைத்துக்கொள்ளும். முதல் நல்ல மழை விழுந்த மறுநாள் காலை போய்ப் பார்த்தேன். முந்தின வாரம் துரும்பாகக் கிடந்த அதே விசிறிகள் விரிந்து பச்சை பிடித்திருந்தன. புது இலை அல்ல, நான் போன வாரம் படம் எடுத்த அதே இலைகள். ஓரத்தில் ஒரு கீற்று ஒடிந்திருந்ததை வைத்து உறுதி செய்துகொண்டேன். அந்த ஈர நாட்களுக்குள் புரோதாலஸ், நீச்சல், பேரப்பிள்ளை எல்லாம் நடந்தாக வேண்டும்.

கோயில் வாசல்களில் ‘சஞ்சீவி’ என்று சொல்லி, காய்ந்த உருண்டையைத் தண்ணீரில் போட்டு விரியவைத்து விற்பார்கள், பார்த்திருப்பீர்கள். வித்தை அதேதான், செடி வேறு. அது பெரும்பாலும் செலாஜினெல்லா, பெரணிக்குத் தூரத்து உறவு.

இப்போது பெயருக்கு வருவோம். சிகை என்றால் தலைமுடி, கொண்டை. மயிலின் தலையில் நிற்கும் கொண்டையை நெருங்கிப் பாருங்கள், அழகர்கோயில் போகிற வழியில் மயிலுக்குப் பஞ்சமில்லை. மெல்லிய வெறும் காம்பு, நுனியில் மட்டும் சின்ன விசிறி, அப்படி ஒரு கொத்து. இந்தச் செடி அச்சு அசல் அதுதான். ‘மயிலாடுஞ்சிகை’ என்றும் நம்மிடம் ஒரு பெயர் உண்டு, காற்றில் ஆடுகிற கொண்டை. ஆங்கிலத்தில் இதை மயில் தோகைப் பெரணி என்ற பொருளில் அழைக்கிறார்கள். தோகை என்பது விரிந்த ஒற்றை விசிறியை மட்டும் பார்த்து வைத்த பெயர். கொண்டை என்றவர் காம்பையும் கொத்தையும் சேர்த்துப் பார்த்திருக்கிறார். நம் ஊர்ப் பாசம் என்றே வைத்துக்கொள்ளுங்கள், என் ஓட்டு கொண்டைக்குத்தான்.

அறிவியல் பெயர் ஆக்டினியாப்டெரிஸ் ரேடியேட்டா. கிரேக்கத்தில் ஆக்டிஸ் என்றால் கதிர், ப்டெரிஸ் என்றால் பெரணி. லத்தீனில் ரேடியேட்டா என்றால் கதிர்போல் விரிந்தது. ‘கதிர்ப் பெரணி, கதிராக விரிவது.’ மதுரையில் ‘நடு சென்டர்’ என்கிறோமே, அதே ரகம். பழைய மருந்துப் புத்தகங்களில் ஆக்டினியாப்டெரிஸ் டைகாட்டமா என்று இருக்கும், அதுவும் இதுதான், இரண்டிரண்டாகப் பிரிவது என்று அர்த்தம். அப்படியானால் அறிவியல் பெயரும் மாறத்தானே செய்கிறது என்று கேட்கலாம். மாறுகிறது. ஆனால் எந்தப் பெயர் எப்போது எதுவாக மாறியது என்று கணக்கு எழுதிவைத்திருக்கிறார்கள், ஒவ்வொரு பெயருக்கும் ஆதாரமாக ஒரு காய்ந்த செடி எங்கோ ஒரு தாவரக் காப்பகத்தில் தாளில் ஒட்டப்பட்டிருக்கிறது. டப்பாவில் எழுதிய பெயருக்கு அப்படி ஒரு சாட்சி இல்லை.

வழக்குப் பெயர் எங்கெங்கே காலை வாரும் என்பதற்கு மயிலே போதும். மயிற்கொன்றை பூக்கும் புதர். மயில்மாணிக்கம் பூக்கும் கொடி. மயிலடி பெரிய மரம். இவற்றில் எதுவும் மயில்சிகைக்கு உறவில்லை. இன்னொன்று சொல்கிறேன், இது சமையலறை வரைக்கும் வரும். வயல் வரப்பிலும் கண்மாய் ஓரத்திலும் கிடைக்கும் ஆரைக்கீரை, நாலு இலை சேர்ந்து பூப்போல விரிந்திருக்குமே, அது ஒரு பெரணி. கடைந்து சாப்பிடும் பலருக்கே இது தெரியாது. காம்படியில் பயறு அளவில் கெட்டியாய் இருப்பது காய் அல்ல, ஸ்போர் உறை. கண்மாய் பல வருஷம் வறண்டு கிடந்தாலும் அந்த உறை சேற்றில் காத்திருக்கும். அதே ‘ஆரை’ என்ற பெயரில் புளியாரை இருக்கிறது, மூன்று இலை, புளிப்பு, மஞ்சள் பூ. பூ இருக்கிறதல்லவா, அதனால் அது பெரணி அல்ல. பூங்கொத்துக்காரர்கள் ‘ஃபெர்ன்’ என்று செருகும் பஞ்சுபோன்ற இழை இலையும் பல சமயம் தண்ணீர்விட்டான் கிழங்கின் சொந்தக்காரச் செடிதான். அதற்கும் பூ உண்டு, பழமும் உண்டு.

மறுபக்கம், பெரணி என்று யாரும் சந்தேகப்படாதது முடவாட்டுக்கால். கொல்லிமலைக்குப் போனவர்கள் அதன் சூப்பைக் குடிக்காமல் திரும்பியிருக்க மாட்டார்கள். மரத்திலும் பாறையிலும் ஊர்ந்து போகும் தண்டு அது, பழுப்பு ரோமம் மூடி ஆட்டுக்கால் மாதிரியே இருக்கும். கிழங்கு என்று விற்றாலும் மண்ணுக்கடியில் விளைவதில்லை. அதற்கு இரண்டு வகை இலை. பச்சை இலை ஸ்போர் கொடுக்கும். அடியில் பழுப்பாய் இருக்கும் குட்டை இலை கையேந்தினாற்போல நின்று, விழும் சருகையும் தூசியையும் பிடித்து உரமாக்கிக்கொள்ளும். 1753-இல் ஸ்வீடன் நாட்டுத் தாவரவியலாளர் லின்னேயஸ் அதற்கு ‘ஓக் இலை’ என்ற அர்த்தத்தில் குவெர்சிஃபோலியம் என்று பெயர் வைத்தார். ஓக் மரம் வளரும் ஊர்க்காரர் இலையைப் பார்த்தார். நம் ஊர்க்காரர் சூப்புக்கு ஆகிற பாகத்தைப் பார்த்தார்.

கிணற்றுச் சுவர்ப் பெரணியைப் பற்றி ஓர் எச்சரிக்கை. சுண்ணாம்பு பூசிய பழைய சுவர்களில் ஏணிபோல நீண்ட இலையுடன் வளரும் ப்டெரிஸ் விட்டேட்டா என்ற வகை, மண்ணிலிருக்கும் ஆர்செனிக் நஞ்சை உறிஞ்சி இலையில் சேர்த்துவைக்கும். 2001-இல் இது தெரியவந்தது. நஞ்சு கலந்த மண்ணைச் சுத்தம் செய்ய அதை நடுகிறார்கள். ஆகவே, யாரோ வாட்ஸ்ஆப்பில் அனுப்பினார்கள் என்று சுவரில் வளரும் பெரணியைப் பறித்துக் கஷாயம் வைக்க வேண்டாம். மயில்சிகைக்கும் இதையே சொல்வேன், பெயர்க் குழப்பம் தீராத செடியை மருந்தாகக் கொள்வது சித்த மருத்துவர் நேரில் பார்த்துச் சொல்ல வேண்டிய விஷயம்.

மயில்சிகை அரிதா? ஆப்பிரிக்காவிலிருந்து அரேபியா வழியாக இந்தியா, இலங்கை, பர்மா வரை பரவியிருக்கிறது. வரைபடத்தில் பார்த்தால் அரிது என்று சொல்ல மாட்டீர்கள். குன்றில் ஏறித் தேடினால் சொல்வீர்கள். வெடிப்பு வேண்டும், அதில் ஒரு பிடி மண் வேண்டும், மதிய வெயில் நேராக விழக் கூடாது, மழை நாளில் மட்டும் தண்ணீர் கசிய வேண்டும். ஒரு முழுக் குன்றில் அப்படி நாலு இடம் தேறினால் அதிகம். மேலூர்ப் பக்கம் கிரானைட்டுக்காக அறுத்தெடுத்த குன்றுகளைப் பார்த்தவர்களுக்கு, வெடிப்போடு சேர்த்து என்ன போகும் என்று விளக்க வேண்டியதில்லை. சுனைகளும் குன்றுகளுமாக உள்ள அரிட்டாபட்டியைத் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக 2022-இல் அறிவித்தது இந்த வகையில் பெரிய ஆறுதல்.

தேடிப் போக நினைப்பவர்கள் ஐப்பசியில் இரண்டாவது மழைக்குப் பிறகு போங்கள். வடக்குப் பார்த்த பாறை முகம், கண் மட்டத்துக்குக் கீழே. பனை ஓலை வடிவத்தை மனதில் வைத்துக்கொண்டால் சட்டென்று பிடிபடும். படம் எடுங்கள், இலையைப் பறிக்காமல் திருப்பி ஓர மடிப்பைப் பாருங்கள். நான் பார்த்தது எந்தக் குன்று என்று மட்டும் கேட்காதீர்கள், பொட்டலமாகிவிடும்.

அந்தக் குன்றின் அடியில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஒரு ஆத்தாவிடம் போனில் எடுத்த படத்தைக் காட்டி, “இதுக்கு இந்தப் பக்கம் என்னாத்தா பேரு?” என்று கேட்டேன். கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். “அந்தப் பொடவுக்குள்ள மொளைச்சுக் கெடக்குமே, அதான? மழைக்கு முழிக்கும், வெயிலுக்குச் சுருண்டுக்கிரும்.” ஆமாம், அதுவேதான், பேரென்ன?

“ஆடே திங்காததுக்கு என்னத்துக்குத் தம்பி பேரு?” என்று சொல்லிவிட்டு, வெள்ளாடு ஒன்று வேலிப்பக்கம் போவதைப் பார்த்து, கம்பை ஓங்கியபடி எழுந்து போனார்.